இறுகிப்போன துப்பாக்கித் திருகுகளுக்கு 60 வாட் சால்டரிங் அயர்ன்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

த்ரெட் லாக்கர் (மரை தளராமல் பிடித்துவைக்கும் பசைத் திரவம்) பூசி இறுக்கிய சிறு திருகைக் கழற்றுவதற்கென்று தனிக் கருவி எதுவும் நம்மூர்க் கடைகளில் விற்பதில்லை. ரேடியோ, தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்கள் ஈயம் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்னே அந்த வேலையை மற்ற எதைக் காட்டிலும் நன்றாகச் செய்கிறது என்பது, சேலம் கடைவீதியில் 500 ரூபாய்க்குள் வாங்கிய 60 வாட் அயர்ன் ஒன்றைச் சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் வந்திருக்கும் முடிவு. ஒரே அச்சில் வார்த்த கைப்பிடியுடன் பல பெயர்களில் இது விற்கப்படுவதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதற்குக் குறைகளும் உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் இந்த வேலைக்கு இது வேண்டாம் என்று சொல்ல வைக்கும் அளவுக்குப் பெரியதல்ல.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். நான் கையாண்டவை 0.177 அங்குல விட்டமுள்ள, 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலுடைய ஏர் ரைஃபிள்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி இவற்றுக்கு உரிமம் தேவையில்லை. தோட்டத்து வீடுகளில் உரிமத்துடன் வைத்திருக்கும், தோட்டா சுடும் 12 போர் (bore) துப்பாக்கிகளின் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, துப்பாக்கி தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ஆகவே அத்தகைய துப்பாக்கியின் விசைப் பகுதியிலோ குழலிலோ திருகு இறுகிவிட்டால், அதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பாளரிடம் கொண்டு செல்வதே முறை. ஏர் ரைஃபிளானாலும் சரி, கருவியை மேசையில் வைப்பதற்கு முன் குழல் காலியாக இருக்கிறதா, சுருள்வில் தளர்ந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

திருகு இறுகும் சிக்கல் பெரும்பாலும், தொலைநோக்கியைத் துப்பாக்கியின் மேல் வளையங்களால் பிடித்து வைக்கும் மவுண்ட்டில்தான் எழுகிறது, அதற்குக் காரணமும் உண்டு. சுருள்வில்லால் இயங்கும் ஏர் ரைஃபிள் சுடும்போது பிஸ்டன் முன்னே பாய்வதால் துப்பாக்கி முதலில் பின்னோக்கி உதைக்கிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் நின்றதும் அந்த உதை திரும்பி முன்னோக்கி வருகிறது. இப்படி இரு பக்கமும் உலுக்கப்படும்போது துப்பாக்கியின் மேலுள்ள 11 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துவிடும், குறியும் தப்பும். சரியான பரிகாரம், நகர்வதைத் தடுக்கும் முளை வைத்த மவுண்ட்டை வாங்குவது. நம் ஆட்கள் செய்வதோ, இருசக்கர வாகனப் பட்டறையில் கிடைக்கும் சிவப்பு நிற லாக்கரை எல்லாத் திருகுகளிலும் தாராளமாக ஊற்றி இறுக்குவது. மவுண்ட் அப்படியும் நகரத்தான் செய்யும். அதைச் சரிசெய்யத் திருகைக் கழற்ற முயலும்போதுதான் ஆலன் கீ வழுக்கும், திருகின் தலை மழுங்கும், உடையவர் தெரிந்தவர்களைத் தேடி வருவார்.

லாக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதைக் கழற்றும் வழியும் தெரிந்துவிடும். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் உருவாக்கிய இந்த வகைத் திரவம், காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். காற்று அற்ற இடுக்கில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இறுகிக் கெட்டியான பிளாஸ்டிக்காக மாறும். புதிதாக வாங்கிய குப்பியில் பாதிதான் திரவம் இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் கவனிக்கட்டும்: அந்த வெற்றிடத்திலுள்ள காற்றுதான் குப்பிக்குள்ளேயே அது இறுகிவிடாமல் காக்கிறது. ஒருமுறை இறுகிய பிறகு அது எண்ணெய்க்கு அசையாது. மண்ணெண்ணெயோ துருநீக்கும் ஸ்பிரேயோ அதைக் கரைப்பதில்லை. அசிட்டோன்கூட மரை இடுக்குக்குள் புகுந்து வேலை செய்வதற்கு மிக நெடுநேரம் எடுக்கும். அதன் உண்மையான பலவீனம் வெப்பம். லாக்டைட் என்ற பெயரில் விற்கும் லாக்கர் வரிசையில் ஊதா நிற 222 வகையின் உச்ச வெப்ப வரம்பு 150 டிகிரி, நீல நிற 243 வகைக்கு 180 டிகிரி. சிவப்பு நிற 271 போன்ற கடின வகைகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வழி, இணைப்பை அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய 250 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் கழற்றிவிடுவது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் இதைக் காட்டியபோது, "ஏனுங்க சார், ராத்திரி பூரா எண்ணெய்ல ஊற வெச்சா காலையில தானா கழலும்ங்க" என்றார். அவர் சொன்னது துருப் பிடித்த திருகுக்கு முற்றிலும் பொருந்தும். ஏற்காட்டில் மழையும் மூட்டமும் மாதக்கணக்கில் நீடிப்பதால், அங்கே சுவரில் மாட்டி வைத்த எந்தத் துப்பாக்கியிலும் துருவும் இருக்கும், லாக்கரும் இருக்கும். எது பிடித்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்காமல் எண்ணெயை ஊற்றினால் பொழுதுதான் வீணாகும். அதோடு, பிறகு சூடேற்றும்போது அந்த எண்ணெய் புகைந்து கண்ணை எரிக்கும். இதற்கு நான் பயன்படுத்துவது, கள்ள நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா டார்ச். 222, 243 ஆகியவை உட்பட லாக்டைட் வகைகள் பலவும் அந்த ஒளியில் ஒளிரக்கூடியவை. இருட்டறையில் திருகுத் தலையின் ஓரத்தில் மெல்லிய ஒளிக் கோடு தெரிந்தால் லாக்கர் கசிந்து இறுகியிருக்கிறது என்று பொருள். பழுப்பு மட்டும் தெரிந்தால் லேத்காரர் சொன்னபடி செய்யலாம்.

இனி அயர்னைப் பற்றி. இதன் தனிச் சிறப்பு சூட்டின் அளவல்ல, அந்தச் சூடு போய்ச் சேரும் இடம்தான். முனையைத் திருகின் தலைமீது அழுத்திப் பிடித்தால் வெப்பம் திருகின் உடல் வழியாக நேரே மரைக்கு இறங்குகிறது. எம் 4 அளவுள்ள (4 மில்லிமீட்டர் விட்டம்) ஒரு திருகின் எடை சில கிராம்தான் என்பதால் அது விரைவில் சூடேறிவிடுகிறது. சுற்றியுள்ள பகுதிகள் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. எஃகு மவுண்ட்டாக இருந்தால் ஓரிரு நிமிடங்கள் பிடித்தால் போதும். அலுமினிய மவுண்ட் அவ்வளவு எளிதில் இணங்காது. அலுமினியம் எஃகைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், திருகுக்குக் கொடுக்கும் சூட்டையெல்லாம் மவுண்ட் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீடுகளில் பரவலாக இருக்கும் 25 வாட் அயர்ன் இந்த இடத்தில் தோற்றுப்போகிறது. எஃகில் பதிந்த எம் 3 திருகுக்கு அது போதும், அலுமினியத்தில் பதிந்த எம் 4 அல்லது எம் 5 திருகுக்குப் போதாது. 60 வாட்டைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

வாட் கணக்கில் ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அயர்னின் உள்ளே இருப்பது வெறும் வெப்பக் கம்பிச் சுருள். அதன் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப மாறும். 230 வோல்ட்டில் 60 வாட் தரும் அயர்ன், மழைக்கால மாலையில் தோட்டத்து வீட்டில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாகச் சரியும்போது ஏறக்குறைய 37 வாட் மட்டுமே தரும். அதோடு 1,500 மீட்டர் உயரத்தின் குளிரும் சேர்ந்துகொண்டால், சேலத்தில் எளிதில் கழன்ற அதே வகைத் திருகு அங்கே அசையாமல் நிற்பதில் வியப்பில்லை. பகல் நேரத்தில், மின்னழுத்தம் சீராக இருக்கும்போது, மேசைமீது காற்று நேராக வீசாத அறையில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து செய்வதும் ஒரு வழிதான்.

முனையின் வடிவத்தைப் பொறுத்துப் பயன் பெரிதும் மாறுகிறது. கூர்முனை ஒரு புள்ளியில்தான் தொடும் என்பதால் அது இங்கே பயனற்றது. உளி வடிவ முனை, அறுகோணக் குழியுள்ள திருகின் உள்ளே நுழைந்து அடியைத் தொடும் அளவில் இருந்தால் மிகச் சிறப்பு. முனையில் ஒரு துளி ஈயம் பளபளப்பாகப் படிந்திருந்தால் இடைவெளி நிரம்பி வெப்பம் நன்றாக இறங்கும். கருகிய முனையோடு எவ்வளவு நேரம் பிடித்தாலும் பலன் இல்லை. போதிய சூடு ஏறிவிட்டதா என்று அறிய வெப்பமானி தேவையில்லை. 63க்கு 37 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றவைப்புக் கம்பி சரியாக 183 டிகிரியில் உருகும். அயர்ன் முனையைத் தொடாமல், திருகுத் தலையின் எதிர் ஓரத்தில் அந்தக் கம்பியின் நுனியை வைத்துப் பார்த்து, அது உருகினால் தலை அந்த வெப்பத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். நீல லாக்கருக்கு அந்தக் கணமே முயலலாம். சிவப்புக்கு மேலும் ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டிய ஈயத்தைச் சூடாக இருக்கும்போதே பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது குழியில் உறைந்து ஆலன் கீயை நுழையவிடாது.

சிவப்பு லாக்கருக்குத் தேவையான இந்த 250 டிகிரியால் திருகு கெட்டுவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 12.9 என்ற வலிமைத் தரமுள்ள ஆலன் திருகுகள் தயாரிப்பின்போதே 380 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பதப்படுத்தப்படுபவை என்பதால், அவற்றின் வலிமை இதனால் குறைவதில்லை. எஃகின் நிறமே எச்சரிக்கை தரும்: தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பு வைக்கோல் நிறத்துக்கு மாறினால் 220 டிகிரியைத் தாண்டிவிட்டது, நீலம் பாய்ந்தால் 300ஐ நெருங்கிவிட்டது. நீலம் வரும் வரை யாரும் போக வேண்டிய தேவை இல்லை.

அயர்னை எடுத்த உடனே திருப்ப வேண்டும். லாக்கர் சூட்டில் இளகியிருக்கிறதே தவிர அழிந்துவிடவில்லை. ஆறினால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ஆலன் கீயையோ திருப்புளியையோ கையெட்டும் இடத்தில் தயாராக வைத்துக்கொண்டு, முதல் அரைச் சுற்று வந்ததும் நிறுத்தாமல் முழுவதும் எடுத்துவிடுவதே சரி. இடையில் இறுகினால் மேலும் பலம் கொடுக்காமல் மீண்டும் சூடேற்ற வேண்டும்.

இங்கே திருப்புளியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அயர்னுக்கு நீதி செய்ததாகாது. மழுங்கிய தலைகளில் பெரும்பாலானவை லாக்கரால் கெட்டவை அல்ல, பொருந்தாத திருப்புளியால் கெட்டவை. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் அலகு ஆப்பு வடிவில் சரிவாக இருக்கும். திருகின் நேர்வெட்டுப் பள்ளத்தில் வைத்தால் மேல் விளிம்பை மட்டுமே தொட்டு, பலம் கொடுக்கும்போது ஏறி வெளியே வந்துவிடும். துப்பாக்கித் திருகுகளின் பள்ளம் குறுகலானது, பக்கச் சுவர்கள் இணையானவை. பள்ளத்தை அடிவரை நிரப்பும் தடிமனும், திருகுத் தலையின் அகலமும் உள்ள, பக்கங்கள் உட்குழிவாகத் தீட்டிய அலகுதான் பொருந்தும். அத்தகைய பிட் தொகுப்புகள் இணையத்தில் வாங்கக் கிடைக்கின்றன. நல்ல எஃகுத் திருப்புளி ஒன்றைச் சேலத்தில் எந்தச் சாணைக்காரரிடமாவது கொடுத்து, அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டே தீட்டித் தரச் சொன்னாலும் வேலை நடக்கும். நனைக்காமல் தீட்டினால் அலகு பதம் இழந்து மெழுகுபோல் வளையும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹீட் கன் பலம் மிக்கது. 1,800 வாட்டில் 600 டிகிரி வரை காற்றை ஊதக்கூடியது. ஆனால் அது திருகையும் தொலைநோக்கியையும் துப்பாக்கியின் மரக்கட்டையின் வார்னிஷையும் வேறுபாடின்றிச் சுடுகிறது. தொலைநோக்கியின் உள்ளே நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையங்களால் மூடியிருப்பார்கள். அந்த வளையம் ஒருமுறை கெட்டால் ஏற்காட்டின் மூடுபனி வெளியே மட்டுமல்ல, லென்ஸுக்கு உள்ளேயும் தங்கிவிடும். கேஸ் டார்ச்சைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் பைக் எஞ்சின் மூடிக்கு நல்ல கருவி. மெல்லிய அலுமினிய வளையத்தின் மேல் அதை அடிக்கத் துணிபவர், பிறகு புது வளையத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கட்டும்.

அயர்னால் முடியாதவையும் உண்டு. கட்டையையும் உடலையும் இணைக்கும் எம் 6 போன்ற பெரிய, நீளமான திருகுகளில் சிவப்பு லாக்கர் இருந்தால் 60 வாட் போதாமல் போகிறது. சூடு தலையிலேயே தேங்கி மரை வரை இறங்குவதில்லை. பிஸ்டன் இருக்கும் சிலிண்டரின் மீது நேரடியாகப் பதிந்த திருகுகளில் உள்ளே இருக்கும் பாலிமர் சீலையும் கிரீஸையும் நினைத்து, சிலிண்டரைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கை தாங்காத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டும். வளையத்தின் மேல் திருகுகளே இறுகியிருந்து தொலைநோக்கியை முதலில் எடுக்க முடியாதபோது, அதன் குழாயைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி வைப்பது உதவுகிறது. இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: இரு குழல்களுக்கும் இடையே ஓடும் பட்டையைப் பெரும்பாலும் ஈயப் பற்றவைப்பால்தான் இணைத்திருப்பார்கள். லாக்கர் இளகும் வெப்பமும் அந்த ஈயம் உருகும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், குழல் அருகே எந்தச் சூடும் ஆகாது.

வாங்கிய கருவியின் குறைகளுக்கு வருகிறேன். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை; செருகினால் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். முழுச் சூடு வர ஐந்து நிமிடத்துக்கு மேலாகிறது. தொடர்ந்து பயன்படுத்தினால் கைப்பிடியின் முன்பகுதி சுடத் தொடங்குகிறது, ஆகவே பின்னால் தள்ளிப் பிடித்துப் பழக வேண்டும். மின்கம்பி விறைப்பான பி.வி.சி. உறை கொண்டது, வளைத்த இடத்தில் நிற்காமல் நிமிர்ந்து, சூடான முனைப் பக்கமே போய் நிற்க விரும்புகிறது. உடன் தரும் தகடுத் தாங்கி ஒரு தாளின் கனம்தான் இருக்கும், அதன்மேல் அயர்னை நம்பி வைக்க முடியாது. சுருள் வடிவத் தாங்கி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் வேடிக்கை, முனையைப் பிடித்திருக்கும் சிறு திருகு சூட்டில் தானாகத் தளர்ந்து, முனையை ஆட விடுகிறது. பிறருடைய திருகைக் கழற்ற வந்த கருவி தன்னுடையதையும் கழற்றிக்கொள்கிறது என்று சிரித்துவிட்டு, ஆறிய பிறகு அதை இறுக்கி வைக்க வேண்டியதுதான்.

சூடேறிய லாக்கரிலிருந்து எழும் புகையை முகர வேண்டாம். சன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் காற்று நேராக மேசைமீது வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழன்ற திருகின் மரையில் ஒட்டியிருக்கும் தூளைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மவுண்ட்டின் உள்மரையை நைலான் தூரிகையும் அசிட்டோனும் கொண்டு துடைக்க வேண்டும். பழைய துகள் மிச்சமிருந்தால் மறுபடி இறுக்கும்போது திருகு உண்மையிலேயே இறுகிவிட்டதா, தூளில் சிக்கி நிற்கிறதா என்று கைக்குத் தெரியாது.

மீண்டும் மாட்டும்போது வளையத் திருகுகளுக்கு லாக்கரே தேவையில்லை என்பது என் கருத்து. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்கம் 15 முதல் 20 அங்குல பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். ஈரமான லாக்கர் மரையில் வழுக்கலைக் கூட்டுவதால், அதே அளவு திருப்பும்போது திருகு நினைத்ததைவிட அதிகமாக இறுகி, தொலைநோக்கியின் குழாயை நசுக்கக்கூடும். தண்டவாளத்தைப் பிடிக்கும் அடித் திருகுகளுக்கு ஒரு துளி ஊதா நிற 222 போதும். சிறு திருகுகளுக்கு ஏற்ற அது, சூடில்லாமலேயே கைக்கருவியால் கழன்றுவிடும். பிளாஸ்டிக் பாகங்களின் மேல் எந்த லாக்கரும் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பாலிகார்பனேட் போன்றவற்றில் அது விரிசல் விழச் செய்யும். சென்னையின் அனபாண்ட் நிறுவனமும் இவ்வகை லாக்கர்களைத் தயாரிக்கிறது. எந்த நிறுவனத்துக் குப்பியானாலும், நிறத்தை மட்டும் நம்பாமல் அட்டையில் எழுதியுள்ள வலிமை வகையைப் படித்து வாங்குங்கள்.

அயர்ன் வாங்கப் போகிறவர்கள் மூன்று முள் செருகியும் புவி இணைப்பும் உள்ள 60 வாட் வகையைக் கேட்டு வாங்குங்கள், உளி வடிவ முனை ஒன்றைக் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த அயர்ன்களில் வரும் வெறும் செம்பு முனை இந்த வேலையின் அழுத்தத்தில் விரைவில் தேய்ந்து உருமாறிவிடும். மேற்பூச்சு உள்ள முனை நீண்ட நாள் உழைக்கும்; அதை ஒருபோதும் அரத்தால் தேய்க்கக் கூடாது, ஈரப் பஞ்சில் துடைத்துவிட்டு ஈயம் பூசியே எடுத்து வைக்க வேண்டும்.